ஒரே மரபணு, இரண்டு ரிப்போர்ட்

வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

போன இதழில் குழந்தைகளின் கழுத்துக் கட்டிகளைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று வந்த கடிதங்களே சொல்கின்றன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "மரபணு என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறதே, அப்படியென்றால் பரம்பரையா?" அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். முப்பது வருடமாகக் குழந்தைகளின் தைராய்டைப் பார்த்துவருகிறேன். பிற்பாதியில் மரபணு ஆலோசனையும் சேர்ந்துகொண்டது. மேசையில் ஸ்டெதாஸ்கோப்பைவிட, குடும்ப மரம் வரையும் பென்சிலும் ரப்பரும்தான் எனக்கு இப்போது அதிகம் தேவைப்படுகின்றன. கடிதம் எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

என் பன்னிரண்டு வயது மகளுக்குத் தைராய்டில் பாப்பில்லரி வகைப் புற்று. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கட்டியின் ரிப்போர்ட்டில் 'ரெட் மரபணு இணைவு உள்ளது' என்று இருக்கிறது. என் நாத்தனார் இணையத்தில் தேடிவிட்டு, "ரெட் என்றால் பரம்பரை நோயாம், உங்க பக்கத்துல யாருக்கு இருந்தது?" என்று கேட்கிறார். எட்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அவனுக்கும் சோதனை செய்ய வேண்டுமா?

உங்கள் நாத்தனார் படித்தது பொய் இல்லை. ஆனால் அவர் படித்தது வேறொரு நோயைப் பற்றி. அவரையும் குறை சொல்ல முடியாது. ரெட் என்ற ஒரே மரபணு தைராய்டின் இரண்டு புற்றுகளில் இரண்டு விதமாக வருகிறது. அடுத்த கடிதத்தையும் படியுங்கள், அதிலும் இதே பெயர் வரும், ஆனால் கதை முழுக்க வேறு.

உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் 'மாதிரி' என்று ஒரு வரி இருக்கும். எந்த மரபணு ரிப்போர்ட் வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். உங்களுடையதில் கட்டியின் திசு என்று போட்டிருக்கும். பரம்பரையைப் பார்க்கும் சோதனை என்றால் பெரும்பாலும் ரத்தம் என்று இருக்கும். பிறவியிலேயே வந்த மாற்றம் உடம்பின் எல்லா செல்லிலும் இருக்கும், ஆகவே ரத்தத்திலும் தெரியும். உங்கள் மகளுக்கு இருப்பதோ, ஏதோ ஒரு நாள் ஒரே ஒரு தைராய்டு செல்லுக்குள் நடந்த விபத்து. அந்தச் செல் பெருகியதுதான் கட்டி. அவளுடைய மற்ற செல்களில் அது கிடையாது. உங்களிடமும் கிடையாது, உங்கள் கணவரிடமும் கிடையாது.

விபத்து என்றேன். எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் விஷயம் இது. ரெட் மரபணு 10-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கருவில் குடலின் நரம்புகளும் சிறுநீரகமும் உருவாக அது வேண்டும். ஹார்மோன் சுரக்கிற தைராய்டு செல்லில் அதற்கு வேலை எதுவும் இல்லை, தூங்கிக்கொண்டிருக்கும். அதே குரோமோசோமில், கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் தள்ளி, எப்போதும் விழித்தே இருக்கிற வேறொரு மரபணு இருக்கிறது. டி.என்.ஏ. இழை இந்த இரண்டு இடத்திலும் அறுந்து, நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டால், விழித்திருப்பதன் முன்பாதியும் ரெட்டின் பின்பாதியும் சேர்ந்து ஒரே மரபணுவாகிவிடும். அப்புறம் ரெட்டுக்குத் தூக்கமே கிடையாது. 'பெருகு, பெருகு' என்று செல்லுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டும் எப்படிச் சந்திக்கின்றன என்று பல வருடம் யாருக்கும் புரியவில்லை. 2000-ல் வந்த ஓர் ஆய்வு அதைக் காட்டியது. நூலை நீட்டிப் பிடித்தால்தான் அவை தூரம். செல்லின் கருவுக்குள் நூல் சுருண்டு கிடக்கிறது. இயல்பான தைராய்டு செல்களில் 35 சதவீதத்தில் இந்த இரண்டு மரபணுக்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மார்பகத்தின் செல்களில் பார்த்தபோது 6 சதவீதத்தில்தான் அப்படி. தைராய்டில் நூல் மடிந்திருக்கிற விதமே அப்படி என்றால், அதற்கு உங்கள் பக்கம், அவர்கள் பக்கம் என்று யாரைக் கேட்பது?

பெரியவர்களின் பாப்பில்லரி புற்றில் அதிகம் பார்ப்பது பிராஃப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை. குழந்தைகளில், அதிலும் வயது குறையக் குறைய, இப்படி இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கிற இணைவுதான் அதிகம். ரெட் இணைவு, என்ட்ராக் இணைவு என்று பெயர் வரும். பெற்றோரிடம் நான் இப்படிச் சொல்வதுண்டு: பெரியவர்களுக்கு அச்சுப் பிழை, குழந்தைகளுக்கு பைண்டிங் பிழை. இரண்டு புத்தகத்தின் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

இணைவு உள்ள கட்டிகள் கழுத்து நெறிகளுக்கும் (நிணநீர் முடிச்சுகள்) சில சமயம் நுரையீரலுக்கும் பரவும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஆகவே உங்கள் மருத்துவர் கழுத்து ஸ்கேனைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் பரவினாலும் குழந்தைகளின் பாப்பில்லரி புற்றில் உயிர் பிழைப்பது 95 சதவீதத்துக்கும் மேல். பெரியவர்களைவிட அதிகம் பரவியும் பெரியவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். என் துறையில் இது பழைய அதிசயம்.

மகனுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒன்று மட்டும் பாருங்கள்: நெருங்கிய ரத்த உறவில் வேறு யாருக்காவது தைராய்டு புற்று, இளம் வயதில் பெருங்குடலில் நிறைய பாலிப், அல்லது வயதுக்கு மீறிப் பெரிய தலைச் சுற்றளவு இருந்ததா? இருந்தால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாப்பில்லரி வகையிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் குடும்பத்தோடு வருவது உண்டு. ஏபிசி, பி-டென் போன்ற சில மரபணுக்களை அப்போது ரத்தத்தில் தேடுவோம். எதுவும் இல்லையென்றால் பையனை விளையாட விடுங்கள்.

எனக்கு 34 வயது. மெடுல்லரி தைராய்டு புற்று என்று போன மாதம் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் ரெட் மரபணுவில் 634 என்ற இடத்தில் மாற்றம் இருக்கிறதாம். மூன்று வயது மகளுக்கும் அதே சோதனை செய்து, இருந்தால் ஐந்து வயதுக்குள் தைராய்டை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். ஓடியாடி விளையாடும் குழந்தையை எப்படிக் கத்திக்குக் கொடுப்பது? பதினெட்டு வயது ஆனதும் அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்தப் பகுதியில் நான் இவ்வளவு நேராகப் பதில் சொல்வது குறைவு.

மரபணுச் சோதனைகளில் பொதுவாக என் கட்சி, குழந்தை பெரியவளாகட்டும், அவளே கேட்கட்டும் என்பதுதான். நாற்பது வயதில் வரக்கூடிய நோய்க்கு நான்கு வயதில் ரத்தம் எடுக்க நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உங்கள் மகளின் விஷயம் அதற்கு விதிவிலக்கு. இங்கே நோய் பதினெட்டு வயது வரை காத்திருக்காது.

தைராய்டில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. ஹார்மோன் சுரப்பவை ஒன்று, மேலே எழுதியது அவற்றின் கதை. நடுநடுவே கொஞ்சமாக சி செல்கள் என்று இருக்கின்றன. கால்சிடோனின் என்ற பொருளைச் சுரப்பவை. மெடுல்லரி புற்று இவற்றில் வருவது. சி செல்லில் ரெட் தூங்குவதில்லை, அங்கே அதற்கு வேலை உண்டு. செல்லின் தோலில் ஆன்டெனா மாதிரி நின்று, வெளியிலிருந்து செய்தி வந்தால் மட்டும் உள்ளே சொல்லும். அந்தப் புரதம் 1114 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 634-ஆவது இடத்தில் சிஸ்டீன் என்ற மணி இருக்க வேண்டும். அது அதே சங்கிலியில் இன்னொரு சிஸ்டீனோடு கைகோத்துக்கொண்டிருக்கும். 634-இல் வேறு மணி வந்துவிட்டால் அந்த இன்னொன்று துணையில்லாமல் நிற்கும். சும்மா நிற்காது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு ரெட் சங்கிலியின் கையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ரெட் சேர்ந்தால்தான் செய்தி உள்ளே போகும் என்பது ஏற்பாடு. இப்போது செய்தி வராமலேயே இரண்டும் சேர்ந்துவிட்டன. குழந்தை பிறந்த நாளிலிருந்து எல்லா சி செல்லிலும் இது நடந்துகொண்டிருக்கும். முதலில் அந்தச் செல்கள் எண்ணிக்கையில் பெருகும், பிறகு அதிலிருந்து புற்று. கழுத்தில் கட்டி தெரியும் வரை காத்திருந்தால் பலருக்கு நெறிகளுக்குப் போயிருக்கும். பாப்பில்லரி புற்றுக்குக் கைகொடுக்கும் கதிரியக்க அயோடின் இதற்கு உதவாது, சி செல் அயோடினை வாங்குவதே இல்லை. முழுதாகக் குணமாக்கும் ஒரே வழி, பரவுவதற்கு முன் எடுத்துவிடுவது.

எல்லா மாற்றத்துக்கும் ஒரே அவசரம் இல்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் இதை மூன்றாகப் பிரிக்கிறது. 918-ஆவது இடத்தில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் என்றால் பிறந்த முதல் வருடத்திலேயே அறுவை. 634, 883 என்றால் ஐந்து வயதில் அல்லது அதற்கு முன். மற்றவற்றில் கால்சிடோனின் அளவைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்யலாம், சில குடும்பங்களில் அது பள்ளிப் படிப்பு முடியும் வரைகூடத் தள்ளிப்போகும். உங்கள் மருத்துவர் சொன்ன 'ஐந்து வயது' அவராகச் சொன்ன கணக்கு இல்லை.

இனி நீங்கள் கேட்காத பாதி. உங்கள் மகளுக்கு இந்த மாற்றம் வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. வராமல் இருக்கவும் சரிபாதி. 1993-ல்தான் இந்த நோய்க்கு ரெட் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் வருடா வருடம் கூட்டிவந்து, பென்டாகாஸ்ட்ரின் என்ற ஊசியைப் போட்டு, கால்சிடோனின் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஊசி போட்ட சில நொடியில் வயிற்றைப் புரட்டும், நெஞ்சை அடைக்கும். போன வருட ஞாபகத்தில் குழந்தைகள் வாசலிலேயே அழுவார்கள். அப்படி அழுதவர்களில் பாதிப் பேரிடம் அந்த மாற்றம் இருந்திருக்கவே இல்லை. இன்று ஒரு சொட்டு ரத்தத்தில் அந்தப் பாதிப் பேரை வாழ்நாள் முழுவதற்கும் விடுவித்துவிடலாம். சோதனை செய்யாமல் இருந்தால் உங்கள் மகள் எந்தப் பாதியில் இருக்கிறாள் என்று தெரியாமலே பதினைந்து வருடம் ஓட்டுவீர்கள்.

மாற்றம் இருந்தால்? சுரப்பியை எடுத்தபின் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுள் முழுவதும். வளர்த்தி, படிப்பு, பிற்காலத்தில் தாய்மை எதற்கும் தடை இல்லை. பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு: குரல் நரம்பு, கால்சியத்தைக் கவனிக்கும் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள். குழந்தைக் கழுத்தில் அவை அரிசி மணியைவிடச் சிறியவை. அதனால் குழந்தைகளுக்கு இந்த அறுவையை அடிக்கடி செய்கிறவரிடம் மட்டும் போங்கள். "வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் உங்களைப் பற்றி. 634-இல் மாற்றம் உள்ளவர்களில் பாதிப் பேர் அளவுக்கு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வரலாம். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறும். உங்கள் கழுத்தில் கத்தி வைப்பதற்கு முன் ரத்தத்திலோ சிறுநீரிலோ, அந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் என்ற பொருளைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அண்ணன், தங்கை, பெற்றோர் எல்லோருக்கும் இந்த ரிப்போர்ட்டின் நகலைக் கொடுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும். கூசிக்கொண்டே சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. பயிற்சி முடித்த புதிதில், பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல் என்று ஆறு மாதக் கைக்குழந்தையை ஒரு தாய் கொண்டுவந்தார். மருந்து எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "இன்னொண்ணு டாக்டர், எவ்வளவு அழுதாலும் இவனுக்குக் கண்ணுல தண்ணியே வராது" என்றார். "குடுத்து வெச்சவன்" என்று சிரித்து அனுப்பினேன். ஏழு வருடம் கழித்து அந்தப் பையனை வேறொரு மருத்துவர் என்னிடம் அனுப்பினார். தடித்த உதடு, நாக்கின் நுனியில் சின்னச் சின்ன முண்டுகள், கழுத்தில் கட்டி. 918-ஆவது இடத்து மாற்றம். இந்த வகைக் குழந்தைகளுக்குக் குடலின் நரம்பு தாறுமாறாக இருப்பதால் மலச்சிக்கல் வரும், கண்ணீரும் சுரக்காது. அந்தத் தாய் கைக்குழந்தை வயதிலேயே எனக்கு நோயின் பெயரை எழுதிக் கொடுத்த மாதிரிதான் சொல்லியிருக்கிறார். பெற்றோர் இருவரின் ரத்தத்திலும் மாற்றம் இல்லை. இந்த வகையில் முக்கால்வாசிக்கும் மேல் அப்படித்தான், புதிதாக, பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது நேர்வது. குடும்ப மரத்தில் எச்சரிக்கையே இருக்காது. நாக்கும் கண்ணும் மட்டும்தான் சொல்லும். அதிலிருந்து எந்தக் குழந்தை மலச்சிக்கல் என்று வந்தாலும் நாக்கை நீட்டச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வருடமாகத் தைராய்டு குறைவு, மாத்திரை சாப்பிடுகிறேன். என் பிள்ளைக்குப் புற்று வருமா?

உங்கள் மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. தைராய்டு குறைவு குடும்பத்தில் ஓடலாம், ஆனால் அது வேறு கணக்கு, வேறு மரபணுக்கள். பிள்ளை சோர்வாக இருந்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சை ரத்தத்தில் பாருங்கள். ரெட் பார்க்க வேண்டாம்.

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். செர்னோபில் விபத்துக்குப் பிறகு குழந்தைகளுக்குத் தைராய்டு புற்று வந்ததைப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி, "அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வருமா சார்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாணவியிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு 2021 வரை நேரான பதில் இருக்கவில்லை.

முதல் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1986 ஏப்ரல் 26. காற்றில் போன அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டின் வழியாகப் பாலுக்கு வந்து, குழந்தைகளின் கழுத்தில் சேர்ந்தது. அதன் அரை ஆயுள் 8 நாள்தான், ஆனால் அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. குழந்தையின் சுரப்பி சிறியது, அதே அளவு அயோடின் பெரியவர்களைவிட அதிகமாக அதைச் சுடும். நான்கைந்து வருடத்தில் புற்றுகள் வரத் தொடங்கின. பெலாரஸ் மருத்துவர்கள் 1992-ல் எழுதியபோது, இவ்வளவு சீக்கிரம் வர முடியாது என்று பலர் நம்பவில்லை. 2005 வரை பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அன்று சிறுவர்களாக இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுகள் பதிவாயின. இறந்தவர்கள் 15 பேர். போலந்து அந்த வாரத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடினைக் கொடுத்துவிட்டது. சுரப்பி நல்ல அயோடினால் நிரம்பிவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு இடம் இருக்காது.

அந்தக் கட்டிகளுக்குள் பார்த்தபோது இருந்தது முதல் கடிதத்தில் சொன்ன அதே பைண்டிங் பிழை. கதிர்வீச்சு இழையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அறுக்கும், அறுந்ததைச் செல் தப்பாக ஒட்டும். 2021-ல் உக்ரைனைச் சேர்ந்த 440 பேரின் கட்டிகளை முழுதாகப் படித்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு எவ்வளவு அதிகமோ, அதுவும் எவ்வளவு சிறு வயதில் பட்டதோ, அந்த அளவுக்கு இணைவுகள் அதிகம். ஆனால் 'இது கதிர்வீச்சால் வந்தது' என்று முத்திரை குத்தின தனி அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. தானாக வருகிற புற்றும் இதுவும் உள்ளே ஒரே மாதிரிதான்.

மாணவியின் கேள்விக்கு அதே வருடம் வந்த இன்னோர் ஆய்வுதான் பதில். விபத்துக்குப் பின் சுத்தப்படுத்தும் வேலையில் இருந்தவர்கள், அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள், இவர்களுக்கு 1987-க்கும் 2002-க்கும் இடையில் பிறந்த 130 பிள்ளைகளின் மரபணு முழுவதையும் பெற்றோருடையதோடு ஒப்பிட்டார்கள். புதிதாக வந்த மாற்றங்கள் மற்றவர்களுக்கு இருக்கும் அளவில்தான் இருந்தன. கழுத்தில் நடந்த விபத்து கழுத்தோடு நின்றுவிட்டது.

பாடத்தில் ஃபுகுஷிமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 விபத்துக்குப் பின் அங்கே சுமார் 3 லட்சம் சிறுவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் செய்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட புற்றுகள் தெரிந்தன. எல்லோரும் பதறினார்கள். ஆனால் அங்கே குழந்தைகள் வாங்கிய கதிர்வீச்சு செர்னோபிலைவிட மிகக் குறைவு. கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது பிராஃப் அச்சுப் பிழை, இணைவுகள் குறைவு. எந்தத் தொந்தரவும் இல்லாத இத்தனை கழுத்துகளை அப்படித் தேடினால், எப்போதோ தெரியவந்திருக்கும், அல்லது தெரியவே வந்திருக்காத சிறிய புற்றுகளும் சேர்ந்து கிடைக்கும். என்னிடம் வந்து "சும்மா ஒரு தைராய்டு ஸ்கேன் பார்த்துவிடலாமே" என்கிற பெற்றோருக்கு நான் எழுதித் தராததற்குக் காரணம் இதுதான்.

என் பதினான்கு வயது மகளுக்குத் தைராய்டில் நிறையக் கட்டிகள். ஊசிப் பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தது. இரண்டு வயதில் அவளுக்கு நுரையீரலில் ஒரு நீர்க்கட்டி எடுத்தார்கள். இதைப் பேச்சுவாக்கில் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஏன்?

நானாக இருந்தாலும் நிமிர்ந்திருப்பேன். சின்ன வயதில் நுரையீரல் நீர்க்கட்டி, பிறகு தைராய்டில் பல கட்டிகள் என்று சேர்த்துக் கேட்டால் டைசர்-1 என்ற மரபணுதான் ஞாபகம் வரும். செல்லுக்குள் சில ஆர்.என்.ஏ. இழைகளை அளவாக நறுக்கிக் கொடுக்கும் நொதி அது. பிறவியிலேயே ஒரு பிரதி பழுது, பிறகு உறுப்பில் இன்னொரு பிரதியிலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடி, இரண்டும் சேர்ந்தால் கட்டி. இது உள்ள பெண்களில் 40 வயதுக்குள் 75 சதவீதம் பேருக்கு இப்படித் தைராய்டு முடிச்சுகள் வந்துவிடும், ஆண்களில் 17 சதவீதம். பெரும்பாலானவை புற்று இல்லை. புற்றாக மாறினாலும் அவ்வளவு முரட்டுத்தனம் காட்டாத வகைதான் வழக்கம்.

டாக்டரின் கவலை கழுத்தைவிட மற்ற இடங்களில் இருக்கும். அந்த நீர்க்கட்டியின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். சிறு குழந்தைகளின் நுரையீரலில் வரும் ஓர் அபூர்வப் புற்று இப்படி நீர்க்கட்டியாகத்தான் தொடங்கும். சினைப்பையிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் வரலாம் என்பதால் வயிற்று ஸ்கேனும் பார்ப்பார்கள். ரத்தத்தில் டைசர்-1 பழுது உறுதியானால், வீட்டில் கைக்குழந்தை யாராவது இருந்தால் அவர்களை முதலில் பார்க்க வேண்டும். மற்றவர்கள் காத்திருக்கலாம், அந்த நுரையீரல் நோய் தாக்குவது முதல் சில வருடங்களில்.

எச்சிலை அனுப்பினால் எல்லாப் புற்று மரபணுவையும் பார்த்துச் சொல்லும் சோதனை இணையத்தில் கிடைக்கிறதே, குழந்தைகளுக்கு வாங்கிவிடலாமா?

வேண்டாம். அவற்றில் பல, மரபணுவில் தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் பார்ப்பவை. 'இல்லை' என்று வந்தால், பார்த்த இடத்தில் இல்லை என்றுதான் பொருள். குடும்பத்தில் நோய் இருந்தால், நோய் வந்தவருக்கு முதலில் சோதனை செய்து, அவரிடம் கிடைத்த மாற்றத்தை மட்டும் மற்றவர்களிடம் தேடுவதுதான் முறை.

எனக்கு இப்போது 19 வயது. பதினொரு வயதில் பாப்பில்லரி புற்று, நுரையீரலுக்கும் போயிருந்தது. அறுவை, இரண்டு முறை கதிரியக்க அயோடின். நன்றாக இருக்கிறேன், ஆனால் ஸ்கேனில் நுரையீரலில் சின்னப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. கட்டியில் என்ட்ராக் இணைவு. திரும்ப வந்தால் என்ன செய்வது? எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வருமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், உன் கடிதத்தில் அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. என்ட்ராக் இணைவு உன் கட்டியில் நடந்தது. உன் கருமுட்டையில் இல்லை. பிள்ளைக்கு அது போகாது. கதிரியக்க அயோடின் எடுத்தபின் குறைந்தது ஆறு மாதம், பலர் ஒரு வருடம், கர்ப்பம் வேண்டாம் என்பார்கள். உனக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. கர்ப்பம் ஆனதும் செய்ய வேண்டியது ஒன்று: தைராய்டு மாத்திரையின் அளவு கூடும், முதல் வாரங்களிலேயே டிஎஸ்எச் பார்த்து மாற்ற வேண்டும். அதுவரை பழைய அளவிலேயே இருந்துவிடாதே.

நுரையீரல் புள்ளிகள் பற்றி. குழந்தைப் பருவத்தில் வந்த நோயில் இவை வருடக்கணக்கில் அசையாமல் கிடப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அயோடின் கொடுத்து ஒரு வருடம், இரண்டு வருடம் ஆன பின்னும் மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கும். தைராய்டு செல்கள் மட்டுமே செய்யும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் இறங்கிக்கொண்டோ நிலையாகவோ இருந்தால், புள்ளி முழுதாக மறைய வேண்டும் என்று மூன்றாவது முறை அயோடினுக்கு அவசரப்பட வேண்டாம். அயோடினுக்கும் கணக்கு உண்டு, அளவு கூடக் கூட நுரையீரலுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் கேடு.

திரும்ப வளர்ந்தால், உன் காலத்துக் குழந்தைகளுக்கு இருக்கும் வசதி என் பயிற்சிக் காலத்தில் இல்லை. என்ட்ராக் இணைவைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்துக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, பெரியவர்கள், குழந்தைகள் இரு தரப்புக்கும். புற்று எந்த உறுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், இந்த இணைவு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் மருந்து. ரெட்டுக்கு செல்பர்காடினிப், 2020-ல் வந்தது. எனக்குப் பிடித்த செய்தி அதற்கு அடுத்தது: அயோடினை ஏற்காமல் போன கட்டி, இந்த மருந்துகளைக் கொடுத்த பிறகு மறுபடி அயோடினை வாங்கத் தொடங்கியதைச் சில குழந்தைகளிடம் கண்டு 2021-ல் எழுதினார்கள். இணைவின் கூச்சலை அடக்கினதும் செல்லுக்குத் தான் தைராய்டு என்ற ஞாபகம் வந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இன்னும் சேரவில்லை. இப்போது உனக்கு அந்த மருந்து எதுவும் தேவையும் இல்லை. ஆனால் கட்டியில் என்ட்ராக் என்று எழுதிய அந்தக் காகிதத்தைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள். எந்த ஊருக்குப் படிக்கப் போனாலும் உன்னோடு வரட்டும்.

மகனுக்கு அறுவை நடந்து ஆறு வருடம் ஆகிறது. அப்போது கட்டியில் மரபணுச் சோதனை எதுவும் செய்யவில்லை. கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, இனி எப்படிச் செய்வது?

கட்டி போய்விடவில்லை. எடுத்த திசுவில் ஒரு துண்டை மெழுகில் பதித்து, பிளாக் என்று சொல்லி, எண் போட்டு, நோய்க்கூறு ஆய்வகத்தில் பல வருடம் வைத்திருப்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து இப்போதும் சோதிக்கலாம், திசு பழசாக ஆகத் தெளிவு கொஞ்சம் குறையும். மகன் நன்றாக இருந்தால் அவசரம் இல்லை, சோதனையின் முடிவு இன்றைய சிகிச்சையை மாற்றாது. மெடுல்லரி வகை என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள், பிளாக்கையும் தேட வேண்டாம். நேராக ரத்தத்தில் ரெட் பாருங்கள். பாப்பில்லரி என்றால், அறுவையின் ரிப்போர்ட்டில் மேலே ஒரு பிளாக் எண் இருக்கும். ஆய்வகத்துக்குப் போன் செய்து, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்டு, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தூக்கிப் போடுவதற்கு முன் உங்களுக்குச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் பிளாக்கையே கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் வைத்தால் வெயில் படாத இடமாகப் பாருங்கள், மெழுகு உருகிவிடும்.